பதமும் வில்லும்: மடக்குக் கத்தியைத் தேரும் அறிவியல்

மாங்கொட்டையை மண்ணில் ஊன்றினால் மாமரம் வளரும். ஆனால் அந்த மரம் தாய்மரத்தின் பழத்தையே தரும் என்ற உறுதி இல்லை. இந்திய மா இரகங்களுள் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் இருப்பது அயல் மகரந்தச் சேர்க்கையால் உண்டான ஒற்றைக் கரு என்பதால், அதிலிருந்து எழும் ஒவ்வொரு கன்றும் இரு பெற்றோரின் பண்புகளும் புதிதாகக் கலந்த தனி மரமாகிவிடுகிறது. கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூராவும், சந்தைக்குப் போகும் செந்தூராவும் அல்போன்சாவும் தலைமுறைகளைக் கடந்து பிறழாமல் நீடிக்க வேண்டுமாயின், விரும்பிய மரத்தின் குச்சி ஒன்றை வெட்டி வேறொரு கன்றின் தண்டில் பொருத்தி வளர்க்கும் ஒட்டுக் கட்டும் முறையே வழி. கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளின் பெரும்பகுதி இந்த ஒரு வெட்டிலிருந்து எழுந்ததே. போச்சம்பள்ளிப் பக்கத்துச் சந்தூர் ஒட்டு மாங்கன்றுகளுக்கென்றே பெயர் பெற்றிருப்பதும் இதனால்தான். அந்த வெட்டைச் செய்வது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மடக்குக் கத்தி.

ஓர் அலகு, ஒரு கைப்பிடி, இரண்டையும் இணைக்கும் ஓர் அச்சாணி, மரபான வடிவில் முதுகுப்புறமாக ஒரு வில் ஆகிய நான்கும் சேர்ந்ததே மடக்குக் கத்தி. பார்வைக்கு எளிய இந்தக் கருவிக்குள் ஒன்றுக்கொன்று பகையான தேவைகள் அடங்கியுள்ளன. அலகு கூர்மையைத் தாங்கக் கடினமாக இருக்க வேண்டும். வில்லோ பல்லாயிரம் முறை வளைந்தும் உடையாமல் மீள வேண்டும். எஃகில் கடினம் ஏற ஏற நொறுங்கும் இயல்பும் ஏறும் என்பதால், ஒன்றுக்கு நன்மையாக இருப்பது மற்றொன்றுக்குக் கேடாகிறது. ஆகவே எந்தக் கத்தி சிறந்தது என்று கேட்பதற்கு முன், அது எதை வெட்டப் போகிறது என்று கேட்டுத் தொடங்குவதே முறை. அந்தக் கேள்வியை மிகக் கறாராகக் கேட்கும் வேலை ஒட்டுக் கட்டுதல். அதற்கு ஈடுகொடுக்கும் கத்தி வேறு எந்தச் சிறு வேலையிலும் பெரும்பாலும் பழுது சொல்ல இடம் தராது.

தண்டின் பட்டைக்கும் உள்ளிருக்கும் மரக்கட்டைக்கும் இடையில் கேம்பியம் எனப்படும் மெல்லிய வளர்திசு வளையம் ஒன்று உண்டு. தண்டு பருப்பதற்குக் காரணமான உயிரணுக்கள் பிரிந்து பெருகுவது இந்த வளையத்தில்தான். அதன் தடிப்போ சில உயிரணு அடுக்குகளே. வேர்ச்செடியின் கேம்பியமும் ஒட்டுக்குச்சியின் கேம்பியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், இரு வெட்டுப் பரப்புகளிலிருந்தும் கேலஸ் எனப்படும் ஆறுதிசு எழுந்து இடைவெளியை நிரப்பி, அதற்குள் நீரையும் உணவையும் கடத்தும் குழாய்கள் உருவாகி, இரண்டு செடிகள் ஒரே செடியாகின்றன. வெட்டுப் பரப்பு மேடுபள்ளமாக இருந்தாலோ, மழுங்கிய அலகு உயிரணுக்களை வெட்டாமல் நசுக்கியிருந்தாலோ இந்தத் தொடர்பு நிகழ்வதில்லை. நசுங்கிய திசு கறுத்து அழுகிப் பூஞ்சைக்கு இடம் தருகிறது. மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்வு வெட்டை ஒரே இழுப்பில், இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும் என்று ஒட்டுக் கட்டுபவர்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் இது. இரண்டாம் முறை சீவும்போது அலகு முந்தைய தளத்தில் துல்லியமாக அமர்வதில்லை. ஒரு மயிரிழை படி உண்டானாலும் கேம்பியம் கேம்பியத்தைத் தொடாமல் போகலாம்.

கத்தியின் குறுக்குவெட்டு வடிவம் இங்கே முதன்மை பெறுகிறது. பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் பயன்படும் பொதுக் கத்தியின் வெட்டுவாய் இருபுறமும் சம அளவில் சாய்த்துத் தீட்டப்பட்டிருக்கும். அது ஆப்பைப் போலப் பொருளை இருபக்கமும் சமமாகத் தள்ளும். ஒட்டுக்கத்தியோ பெரும்பாலும் ஒருபுறம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டு, மறுபுறம் தட்டையாக விடப்பட்டிருக்கும். தட்டையான பக்கம் குச்சியின் மீது படிந்து ஓடுவதால் அதுவே வெட்டுக்கு வழிகாட்டியாகி, தச்சனின் உளி சீவியதுபோல் சமதளம் கிடைக்கிறது. இதில் வாங்குபவர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு: ஒருபுறச் சாய்வுள்ள கத்தி வலக்கைக்காரருக்கு ஒருவிதமாகவும் இடக்கைக்காரருக்கு வேறுவிதமாகவும் அமைய வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவர் வலக்கைக் கத்தியைப் பிடித்தால், சாய்வுப் பக்கம் குச்சியின் மேல் அமர்ந்து வெட்டு வளைந்தோடும். அவர் தம் கைத்திறனைக் குறை சொல்லிக்கொள்வார், குறையோ கத்தியில் இருக்கும்.

ரோஜாவுக்கு வேண்டிய கத்தி இன்னும் சற்று வேறுபட்டது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மிதமான தட்பவெப்பம் கொய்மலர்ச் சாகுபடிக்கு ஏற்றதாக இருப்பதால், அங்கும் தளி வட்டாரத்திலும் பசுமைக்குடில்கள் பெருகியுள்ளன. இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கொய்மலர் மையமும் தளியில் அமைந்துள்ளது. ரோஜாவில் முழுக் குச்சிக்குப் பதிலாக ஒற்றை மொட்டை மட்டும் பட்டையுடன் சீவியெடுத்து, வேர்ச்செடியின் பட்டையைக் கீறித் திறந்து அதற்குள் செருகுவார்கள். பட்டையைக் கீற ஒரு கூரிய அலகும், கீறிய பட்டையைக் கேம்பியம் கிழியாமல் நெம்பித் தூக்க மழுங்கிய நாக்கு போன்ற ஒரு பகுதியும் தேவை. எலும்பிலோ பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த அந்த நாக்கு கத்தியின் மறுமுனையில் அமைந்திருந்தால், அது மொட்டுக் கட்டும் கத்தி என்று அறியலாம்.

கூர்மை என்பது அழுத்தத்தைப் பற்றிய கணக்கு. நன்கு தீட்டிய வெட்டுவாயின் அகலம் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஐந்நூறில் ஒரு பங்கு என்று கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வாயின் மீது 5 கிலோ எடைக்கு நிகரான விசை செலுத்தப்பட்டால், அந்த நுண்ணிய பரப்பில் விழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 24,000 மடங்கு. வாயின் அகலம் பத்து மடங்கு மழுங்கினால் அதே அழுத்தத்துக்குப் பத்து மடங்கு விசை வேண்டியிருக்கும். கை அந்த விசையைத் தரும்போது கட்டுப்பாட்டை இழக்கும். மழுங்கிய கத்தியே கையை அதிகம் வெட்டும் என்ற பட்டறைச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இத்தகைய அழுத்தத்தை மயிரிழையினும் மெல்லிய விளிம்பு தாங்குவதற்குக் காரணம் எஃகின் உள்ளமைப்பு. இரும்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான கரி கலந்தாலே அது எஃகாகிறது. சாதாரண வெப்பத்தில் இரும்பணுக்கள் ஒரு கனசதுர ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். அந்த ஒழுங்கில் கரியணுக்களுக்கு இடம் மிகக் குறைவு. எஃகைச் சிவக்கக் காய்ச்சினால், 727 டிகிரி செல்சியசுக்கு மேல் அடுக்கு வேறொரு ஒழுங்குக்கு மாறத் தொடங்கி, அதன் இடைவெளிகளில் கரி கரைந்து அமர்கிறது. அந்த நிலையில் எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று அமிழ்த்திக் குளிரவைத்தால், கரி வெளியேற நேரமின்றிச் சிறைப்பட்டு, அடுக்கு முழுவதும் இழுபட்டு இறுகிவிடுகிறது. கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்வது இந்தச் செயலையே; இவ்வாறு இறுகிய அமைப்புக்கு அடால்ஃப் மார்டென்ஸ் என்ற ஜெர்மானிய உலோகவியலாரின் பெயரால் மார்டென்சைட் என்று பெயர். தோய்ச்சலுடன் நின்றுவிட்டால் அலகு கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே அதனை 150 முதல் 250 டிகிரி வரை மீண்டும் மெல்லச் சூடாக்கி, இறுக்கத்தில் ஒரு பங்கைத் தளர்த்துகிறார்கள். அதுவே பதம். மெருகிட்ட எஃகின் மீது இந்த வெப்பத்தில் படரும் ஆக்சைடுப் படலம், தன் தடிப்புக்கேற்ப நிறம் காட்டும்: 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 300 டிகிரியை ஒட்டி நீலம். வெப்பமானி இல்லாத காலத்துக் கொல்லன் இந்த நிறத்தைப் பார்த்தே பதத்தை அறிந்தான்.

மரபுக் கத்திகளில் அலகுக்கு இருவகை எஃகுகள் வழங்குகின்றன. முதலாவது, கரியே முதன்மைச் சேர்மானமாக உள்ள கரி எஃகு. இது எளிதில் மிகக் கூரிய வாயை ஏற்கும், சாதாரணச் சாணைக்கல்லிலேயே தீட்டலாம், ஆனால் துருப்பிடிக்கும். இரண்டாவது, குறைந்தது பத்தரை விழுக்காடு குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலமாகப் படிவதால் அதற்கு அந்தப் பெயர். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் தோன்றி இன்றும் விற்பனையாகும் ஒப்பினெல் மடக்குக் கத்தி இரு எஃகுகளிலும் கிடைப்பதே, இரண்டுக்கும் தனித்தனித் தேவை உண்டு என்பதற்குச் சான்று. மாங்காய், நெல்லிக்காய், வாழைப்பூ ஆகியவற்றை நறுக்கினால் கரி எஃகு அலகு கறுப்பது, அவற்றின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்புடன் சேர்ந்து கருநிறச் சேர்மமாவதால். பழங்காலத்து எழுதுமை செய்ததும் இதே வேதிவினையால்தான். இந்தக் கறுப்பு கத்திக்குக் கேடு செய்வதில்லை, பயந்து தேய்க்க வேண்டியதும் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் பெருமளவில் விளையும் புளியின் டார்டாரிக் அமிலம் மட்டும் வேறு வகையில் நடந்துகொள்கிறது: அது துருவையும் கரைக்கும், துடைக்காமல் விட்டால் எஃகையும் அரிக்கும். புளி உடைக்கவும் சமையலறைக்கும் துருப்பிடிக்காத எஃகும், நாற்றங்காலுக்குக் கரி எஃகும் பொருந்தும் என்பதே தகுந்த முடிவு. ஒட்டு வேலையில் நாள்தோறும் பலமுறை வாயைத் திருத்த வேண்டியிருப்பதால் எளிதில் தீட்டப்படும் தன்மை அங்கே துரு அச்சத்தை விடப் பெரிது.

எஃகைப் பற்றிப் பேசும்போது இந்த மண்ணின் பங்கைச் சொல்லாமல் கடப்பது முறையாகாது. ஓசூர்ப் பகுதியில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன; அவ்விரு மொழிகளிலும் எஃகுக்கு உக்கு என்று பெயர். ஐரோப்பியர் ஊட்ஸ் என்று எழுதிய சொல் இந்த உக்கிலிருந்து பிறந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சிறு மண் உருக்குக்கலங்களில் இரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் இட்டு, வாயை மண்ணால் மூடி, துருத்தியால் காய்ச்சி எஃகு எடுத்த முறையைச் சேலம் பகுதியில் கண்ட ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பதிவு செய்தார். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. 1790களில் ஊட்ஸ் கட்டிகள் பம்பாயிலிருந்து இலண்டனின் ராயல் சொசைட்டிக்குச் சென்றபோது, அவற்றைக் காய்ச்சி அடித்து ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கருவிக் கைவினைஞர் செய்து பார்த்தது ஒரு பேனாக்கத்தி. இறகு எழுதுகோலின் முனையைச் சீவும் சிறு கத்திக்குத்தான் மிக நுண்ணிய வாய் தேவைப்பட்டது என்பதால் அந்தச் சோதனை பொருத்தமானதே. அதே ஸ்டோடார்ட் பின்னர் கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் ஃபாரடேயுடன் இணைந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். ஃபாரடே ஊட்ஸின் பகுப்பாய்வை 1819இல் வெளியிட்டார். இதற்கெல்லாம் முன்பே, பர்கூரை அடுத்த மயிலாடும்பாறையின் அகழாய்வில் கிடைத்த மாதிரிகள் அங்கே இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்செல்வதைக் காட்டுவதாகத் தமிழக முதல்வர் 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரும்பின் இத்தனை நீண்ட வரலாறுள்ள மாவட்டத்தில் ஒட்டுக் கட்டுபவர் வெளியூரில் செய்த கத்தியைக் கடையில் தேட வேண்டியிருப்பது வருந்தத்தக்கது. உலோகத் தொழில் நுட்பம் தெரிந்த கைகளுக்கு ஓசூரில் பஞ்சமில்லை.

இனி வில். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த இரும்புக்காலத்து மடக்குக் கத்தியும் உரோமானியர் கத்திகளும் மடங்கும் கருத்து பழையது என்று காட்டுகின்றன. முதுகுவில்லோ ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. வில்லின் ஒருமுனை கைப்பிடியில் தறையப்பட்டிருக்க, மறுமுனை அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். அலகைத் திறக்கும்போது அடிப்பகுதியின் மூலை வில்லை மேலே தூக்குகிறது. மூலை கடந்ததும் வில் மீண்டு தட்டையான பகுதியின் மேல் விழுந்து, 'டக்' என்ற ஒலியுடன் அலகை நிலைநிறுத்துகிறது. இது பூட்டு இல்லை, அழுத்தம் மட்டுமே. வெட்டும்போது வெட்டுவாயில் எழும் எதிர்விசை அலகை மேலும் திறக்கும் திசையிலேயே தள்ளுவதால் கத்தி உறுதியாக நிற்கும். முனையால் குத்தினாலோ முதுகில் அடித்தாலோ விசை மூடும் திசைக்கு மாறி, அலகு விரல்களின் மேல் மடியும். வில்லின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதமானது. ஐந்தில் ஒரு பங்கு தடிப்பைக் குறைத்தால் விறைப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். மலிவுக் கத்திகள் சில மாதங்களில் தொளதொளத்துப் போவதற்கு இது ஒரு காரணம், பதம் தவறிய வில் மற்றொரு காரணம். கிருஷ்ணகிரிச் சாலைகளில் ஓடும் லாரிகளின் பட்டைவில்களும் இதே குடும்பத்து எஃகால் ஆனவை: கரி அரை விழுக்காட்டைச் சற்றே கடந்தது, பதம் அலகை விட மிகுதியாக இளக்கப்பட்டது.

கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அலகின் பளபளப்பை அன்று. மூடிய நிலையில் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வில்லுக்கும் பக்கத் தகடுகளுக்கும் இடையில் ஒளி கசியக் கூடாது. திறந்த நிலையில் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டும்போது அச்சாணியில் அசைவு தெரியுமானால், ஒரே தளத்தில் வெட்டு கிடைக்காது. ஒட்டு வேலைக்கு அந்தக் கத்தி உதவாது. நகக்குழியில் நகத்தை வைத்துத் திறக்கையில் நகம் நோகும் அளவு இறுக்கமோ, கீழ்நோக்கி உதறினால் தானே திறக்கும் தளர்வோ இருத்தல் ஆகாது. மூடும்போது வெட்டுவாய் உள்ளே வில்லின் மேல் மோதினால் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி மழுங்கும். மெல்லிய காகிதத் துண்டை உள்ளே வைத்து மூடித் திறந்து, காகிதத்தில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். அலகின் நீளம் ஆறேழு சென்டிமீட்டருக்கு மேல் தேவைப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் 9 அங்குலத்தை மிஞ்சும் நீளமோ 2 அங்குலத்தை மிஞ்சும் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றியே பேசுகின்றன, வேளாண்மைக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் ஆனவற்றை விலக்கியும் வைக்கின்றன. எனினும் விமான நிலையத்தில் கைப்பையில் அதற்கு இடமில்லை.

தொழிற்பேட்டைப் பட்டறைகளில் தேய்ந்துபோன பவர் ஹாக்சா பிளேடைத் தீட்டிக் கத்தியாக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. டங்ஸ்டனும் மாலிப்டினமும் கலந்த அந்த அதிவேக எஃகு 500 டிகிரியிலும் கடினம் குன்றாதது, வாய் நெடுநாள் நிற்கும். ஆனால் துளையிடவே பெரும்பாடு. பக்கவாட்டில் சிறிது நெம்பினாலும் முறிந்துவிடும். சில பிளேடுகளில் பற்கள் மட்டுமே அதிவேக எஃகு, உடல் வேறு. நிலையான கைப்பிடியில் பொருத்தினால் அது நல்ல கத்தி, மடக்குக் கத்திக்கு ஏற்றதன்று.

கைப்பிடியில் அழகைத் தேடுவது தவறில்லை. எருமைக் கொம்பும் ஈட்டி மரமும் ஈரக்கையிலும் வழுக்காமல் பிடிதரும். ஒட்டுக் கட்டும் மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி, இழைக்குக் குறுக்காக உப்பி, அலகை இறுக்கிவிடும் என்பதால், உள்ளே பித்தளைத் தகடு பதித்த கைப்பிடியே நீடித்து உழைக்கும். மான் கொம்புக் கைப்பிடி என்று யாரேனும் விற்க வந்தால் மறுத்துவிட வேண்டும்; 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்த வணிகத்தை அனுமதிப்பதில்லை, ஓசூர்க் காடுகளில் மான்கள் இன்னும் திரிவதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம்.

நல்ல கத்தியை வாங்கிய பின் அதைக் கெடுக்கும் மிக விரைவான வழி, மின்சாணையில் உலர்வாகப் பிடிப்பது. பொறி பறக்கும் அந்தக் கணத்தில் மெல்லிய விளிம்பின் வெப்பம் பதமிட்ட வெப்பத்தை எளிதில் தாண்டிவிடும். விளிம்பில் நீலம் பாய்ந்திருந்தால் அங்கே மார்டென்சைட்டின் இறுக்கம் தளர்ந்து, எவ்வளவு தீட்டினாலும் வாய் நிற்காது. நீர் விட்ட சாணைக்கல்லில் கையால் தீட்டுவதே பாதுகாப்பு. ஒருபுறச் சாய்வுக் கத்தியில் சாய்வுப் பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுமையாகப் படியவைத்து, எழுந்த பிசிறை ஓரிரு இழுப்பில் நீக்கினால் போதும். தட்டைப் பக்கத்தைச் சற்றே தூக்கித் தீட்டிவிட்டால் ஒட்டுக்கத்தி பொதுக் கத்தியாகிவிடும். ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகும்முன் அலகைத் துடைப்பதும் தீட்டுவதற்கு இணையான வேலை: ரோஜாவின் வேர்க்கழுத்தில் கழலை போன்ற வீக்கத்தை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் வெட்டுக்காயத்தின் வழியாகவே நுழைகிறது. அதற்கு 70 விழுக்காட்டு ஆல்கஹால் நல்லது. கலந்திருக்கும் நீர் கிருமியின் புரதங்களைச் சிதைக்க உதவுவதால் அது தூய ஆல்கஹாலை விடத் திறம்பட வேலை செய்கிறது. குளோரின் கலந்த வெளுப்புநீர் துருப்பிடிக்காத எஃகையும் குழிகுழியாக அரிக்கும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து, அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு முறை திறந்து மூடி வைத்த கத்தி மறுநாளும் அதே 'டக்' ஒலியுடன் திறக்கும். அது வெட்டிய குச்சியோ பிளாஸ்டிக் நாடாவின் கட்டுக்குள் கேம்பியம் கூடி, இரண்டு மூன்று வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடும்.